மாப்பிள்ளையின் கையைப் பிடித்த கதை

விரல்கள் மடங்கிவிட்டால் குணமாகிவிட்டது என்று நான் நம்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட, நானே தொடக்கிவைப்பது மரியாதை.

நோயாளியின் கை தொங்கும். சுகமானவனின் கை இறுக்கிப் பிடிக்கும். ஆகவே எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு சுகம். இந்தத் தத்துவத்தை எந்த டொக்டரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முழுக்க முழுக்கச் சொந்தச் சரக்கு.

அந்தக் காலை நன்றாக நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியின் பிசியோ அறை. நீண்ட மேசையில் பழைய ரெக்சின் விரிப்பு. வெயில் ஏறினால் அது முழங்கையில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்துக் கட்டிலில் யாருக்கோ பூசிய தைலத்தின் வாடை. மேசையின் மேல் என் வலது கை, மத்தியானம் தாண்டியும் விலைபோகாத மீனைப் போலக் கிடந்தது. பல வாரங்களாக அப்படித்தான் கிடந்தது.

அன்றைக்கு நடுவிரல் மெல்ல மடங்கியது. பிறகு மற்ற விரல்களும், ஒருவன் ஏறியதைப் பார்த்து பஸ்ஸில் முண்டியடிப்பவர்களைப் போல, அதன் பின்னாலேயே மடங்கின.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று நான் போட்ட சத்தத்தில், இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடை பழகிக்கொண்டிருந்த ஐயா ஒருவர் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

சுகந்தி மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. காரைதீவுப் பிள்ளை. எனக்குக் கையும் காலும் பழக்கிய பிசியோதெரபிஸ்ட். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம்.

"பொத்திட்டீங்க மாஸ்டர். நல்லம். இப்ப விரிங்க பாப்பம்."

நான் கையைப் பார்த்தேன். கை என்னைக் கவனிக்கவில்லை.

"அது நாளைக்கு மிஸ்."

"பொத்துறது தன்ட பாட்டுல வரும். விரிக்கிறதுக்குத்தான் நாம பாடுபட வேணும். இனி இந்தக் கையால ஒண்டையும் இறுக்கிப் பிடிச்சுப் பழகாதீங்க. விளங்கினதா?"

விளங்கியது என்று தலையாட்டினேன். மனதுக்குள் ஓடியது வேறு: நான் சுகமாகிப் போனால் இவருக்கு ஓர் ஆள் குறையும், அதுதான் முகத்தில் சந்தோஷத்தைக் காணவில்லை.

ஒரு சோடா குடித்தால் சரி

இந்தத் தொடருக்குள் இன்றைக்குத்தான் நுழைகிறீர்கள் என்றால், நான் யார் என்று சொல்ல வேண்டும். கல்முனையில் கார் ஓட்டப் பழக்கும் லேனர்ஸ் நடத்துகிறேன். ஊரில் பாதிப்பேர் என்னிடம் ஏச்சு வாங்கித்தான் லைசன்ஸ் எடுத்தார்கள். மீதிப்பேர் அந்த ஏச்சுக்குப் பயந்து இன்னமும் சைக்கிளில் போகிறார்கள். "பதறாதீங்க, ஸ்டீரிங் கடிக்காது" என்பது நான் நாள் முழுவதும் சொல்லும் வசனம். பிறருக்குச் சொல்வதற்கு மட்டும் வைத்திருக்கிறேன். சொந்தப் பாவனைக்கு அல்ல.

உடம்பின் ஒரு பக்கத்தை முடக்கும் பாரிசவாதம் எனக்கு வந்ததும் காருக்குள்தான். வங்கியில் வேலை செய்யும் ஒரு பெண் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் இடப்பக்கத்து ஆசனத்தில், காலடியில் எனக்கென்று வைத்திருக்கும் தனிப் பிரேக்கோடு. எங்களுக்கு முன்னால் சம்மாந்துறைப் பக்கம் நெல் மூட்டை ஏற்றிப் போகும் டிராக்டர் ஒன்று, தெருவையே தனக்கு எழுதிவைத்த மாதிரி அசைந்து அசைந்து போனது.

அப்போது என் மடியில் இருந்த வலது கை நழுவி கியர்ப் பக்கம் விழுந்தது.

மரத்துப்போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு வாய் ஒரு பக்கமாக இழுத்தது. சரி, இது வாய்வு என்று தீர்மானித்தேன். ஒரு சோடா குடித்தால் சரி. கடையோரமாக நிறுத்தும்படி அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். சொன்னேன் என்பது என் அபிப்பிராயம். வெளியே வந்தது ஆடு இலை மெல்லும் சத்தம்.

"மாஸ்டர், இப்ப நான் என்ன பிழை செஞ்ச? ஏன் ஏசுறீங்க?" என்று அவர் அழுவதற்குத் தயாரானார்.

டிராக்டர் கிட்ட வந்துவிட்டது. பிரேக்கை அமத்தப் போனேன். கால் போகவில்லை.

அவர் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிக்னல் போட்டார், வேகத்தைக் குறைத்தார், ஓரமாக எடுத்தார், ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். ஒரு குலுக்கல் இல்லை. இத்தனை வருடத்தில் என் மாணவர் எவரும் அப்படி அழகாக நிறுத்தியதில்லை. பாராட்டலாம் என்றால் வாய் இல்லை.

சோடா வாங்கித் தர யாருக்கும் தோன்றவில்லை. அதனால்தான் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன்.

மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைத்ததால் வலக்கையும் வலக்காலும் பேச்சும் போய்விட்டன என்று டொக்டர் விளக்கினார். அந்த நேரம் ஒரு முஸ்லிமின் மனதில், கடைசி மூச்சில் சொல்ல வேண்டிய கலிமா ஓடியிருக்க வேண்டும். எனக்கு ஓடியது ஒரே ஒரு விஷயம்: என் மகள் ஹஸ்னாவின் நிக்காஹ்.

ஒழுவும் ஒரு வாளித் தண்ணீரும்

நிக்காஹ் கதைக்குப் போவதற்கு முன் ஒரு சின்ன விலகல்.

கையைப் பழக்குவதென்றால் கையைப் பிடிக்க வேண்டும். மிஸ் என் கையைப் பிடித்துத் திருப்புவார், நீட்டுவார், மேசையில் வைத்து அழுத்துவார். நாங்களோ மார்க்கச் சட்டத்தில் ஷாபி மத்ஹப்காரர்கள். அந்நியப் பெண்ணின் கை பட்டால், தொழுகைக்காகக் கைகால் கழுவி எடுத்த ஒழு முறிந்துவிடும். எங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் வீட்டார் கேட்டனுப்பினார்கள். "வைத்தியத்துக்குப் பரவாயில்ல, தொழப் போகக்குள்ள திரும்ப ஒழு எடுக்கச் சொல்லுங்க" என்று பதில் வந்தது.

சொல்வது லேசு. ஒழு எடுக்கும்போது வலது கையை இடது கை கழுவும், அது முடிந்தது. இடது கையை வலது கை கழுவ வேண்டும். என் வலது கையோ தண்ணீருக்குள் கிடந்து தன்பாட்டில் குளித்தது. கடைசியில் மனைவி நஸீமாதான் தண்ணீர் ஊற்றினாள். அதிலும் ஒரு சிக்கல். எங்கள் மத்ஹபில் மனைவியின் கை பட்டாலும் முறியும். ஆகவே அவள் எட்ட நின்று, பெற்றோல் நிரப்புகிறவரைப் போல, மேலேயிருந்து ஊற்றினாள். பாதி என் கையில், பாதி நான் உடுத்திருந்த சாரத்தில்.

"கலியாணம் முடிச்ச நாளையில இருந்து இவ்வளவு நேரம் நீங்க என்ட பக்கத்தில நிண்டதில்ல," என்றாள்.

எனக்குப் பதில் சொல்ல அப்போது வாய் வரவில்லை. அவளுக்கு அது பொற்காலம்.

காக்கா சட்டை தைக்கிறார்

வயலில் வேளாண்மை வெட்டு முடிந்ததும் ஹஸ்னாவுக்கு நிக்காஹ் என்று எப்போதோ பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை சப்ரான், சம்மாந்துறைப் பிள்ளை. அங்கே ஓர் அரிசி ஆலையில் மெஷின்களைப் பார்ப்பவர். அதிகம் கதைக்க மாட்டார். நான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைப்பதால் அதை ஒரு குறையாக எடுக்கவில்லை.

எங்கள் வழக்கத்தில் நிக்காஹ் நடக்கும்போது பெண்ணின் வாப்பாவும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து வலது கையைப் பிடித்துக்கொள்வார்கள். வாப்பா, "என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்" என்பார். மாப்பிள்ளை, "ஏற்றுக்கொண்டேன்" என்பார். சபை முழுக்க அந்த இரண்டு கைகளையே பார்த்துக்கொண்டிருக்கும்.

என்னிடம் அந்தக் கையும் இல்லை, அந்தச் சொல்லும் இல்லை.

மௌலவி என்னைப் பார்க்க வந்தார். அவர் என்னிடம் கார் பழகியபோது மதிலில் மோதி, என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

"மாஸ்டர், கை பிடிக்கிறது வழக்கம் மட்டுந்தான். பிடிக்காட்டியும் நிக்காஹ் நிறைவேறும். சொல்லுதான் வேணும். சொல்ல ஏலாட்டி நீங்க வேறொராளுக்குப் பொறுப்பக் குடுக்கலாம். ஆதம்லெவ்வை காக்கா இரிக்கார்தானே."

நான் நம்பவில்லை. கை பிடிக்காத நிக்காஹ் செல்லாது என்று என் மனதில் சீல் குத்தியிருந்தது. மதிலில் மோதியவரின் பேச்சை நம்பி மகளின் வாழ்க்கையை விடுவதா? போதாததற்கு, பழைய ஏச்சுக்குப் பழிவாங்குகிறாரோ என்ற சந்தேகமும் இருந்தது.

ஆதம்லெவ்வை என் கூடப்பிறந்த காக்கா, எனக்கு மூத்தவர். மறுநாளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் தோளைத் தட்டினார்.

"தம்பி, நீ ஒண்டுக்கும் யோசிக்காத. நான் எல்லாம் சொல்லுவன். சட்டைக்கும் துணி எடுத்துட்டன்."

"எ... என்ன நெறம்?" என்று கேட்டேன். அந்த வாரத்தில் நான் சொன்ன மிக நீளமான வசனம் அது.

"வெள்ளதான்டா. ஏன், நீ வேற நெறமா எடுக்கப் போறாய்?"

பேச்சுப் பயிற்சிக்குக் கண்ணாடியைப் பிடித்து உட்கார்பவள் ஹஸ்னாதான். காக்கா போனபின் கண்ணாடியைத் தாழ்த்திவிட்டுச் சொன்னாள்:

"வாப்பா, பெரியாப்பா சொன்னாலும் நான் கலியாணம் முடிச்ச பொம்புளதான். அதுல ஒண்டும் குறையாது." கண்ணாடியைத் திரும்பவும் தூக்கிப் பிடித்தாள். "ஆனா நீங்க சொன்னா நல்லா இரிக்கும்."

அந்த 'ஆனா'தான் என்னைக் கெடுத்தது.

வெள்ளிக்கிழமை வேட்டை

பேச்சு மெல்ல வந்தது. மெல்ல என்றால், முதல் கியரில் மேடு ஏறுகிற மாதிரி. காலும் ஊன்றுகோலோடு ஒத்துவந்தது. அதன் பிறகுதான் நான் முதலில் சொன்ன அந்தக் காலை, விரல்கள் மடங்கிய காலை. பிடி வந்துவிட்டது! மாப்பிள்ளையின் கையைப் பிடிக்க வேறென்ன வேண்டும்?

மிஸ் வேண்டாம் என்றதை வீட்டில் யாருக்கும் சொல்லாமல் நான் இரகசியப் பயிற்சியில் இறங்கினேன். முதலில் பந்து. பிறகு மனிதர்கள்.

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் ஆளுக்காள் ஸலாம் சொல்லிக் கை கொடுப்பது எங்களுக்குப் பழக்கம். இதைவிட நல்ல பயிற்சிக் கூடம் எங்கே கிடைக்கும்? செருப்புகள் குவிந்து கிடக்கும் வாசலில் ஊன்றுகோலோடு நின்றுகொண்டேன். வருகிறவர் ஸலாம் சொல்வார். நான் இடது கையால் வலது கையைத் தூக்கிக் கொடுப்பேன். அவர் இரக்கத்தோடு பிடிப்பார். அவ்வளவுதான், விரல்கள் மூடிக்கொள்ளும்.

"பிடி எப்படி?" என்று கேட்பேன்.

மாளிகைக்காட்டு மீன் வியாபாரி ஒருவர் வலியைக் காட்டிக்கொள்ளாமல், "நண்டு தோத்துப் போகும் மாஸ்டர்" என்றார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

யாரும் கையைச் சட்டென்று எடுக்காமல் நின்றதை நான் கவனித்தேன். ஊர்ச் சனத்துக்கு என்மேல் இவ்வளவு பாசமா என்று கண்கூடக் கலங்கியது. அவர்களால் எடுக்க முடியவில்லை என்பது ஆதம்லெவ்வை காக்கா மோதிரக் கையைக் கொடுத்த அன்றுதான் தெரிந்தது.

"விடுடா!"

"விட்டுட்டன் காக்கா."

"விடல்லடா! மோதிரம் வெரலுக்குள்ள இறங்குது! யா அல்லாஹ், இவன் சட்டைக்காக என்னக் கொல்லப் பாக்கான்!"

இரண்டு பேர் சேர்ந்து என் விரல்களை ஒவ்வொன்றாகக் கிளப்பி அவரை மீட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை சனமெல்லாம் பின்வாசலால் போய்விட்டது.

வாளிக்கு மேலே தொங்கிய நூல் கட்டை

காக்கா நேரே போய் நஸீமாவிடம் சொன்னார். நஸீமா நேரே போய் மிஸ்ஸிடம் சொன்னாள். பிசியோ அறையில் என்னை நடுவில் உட்காரவைத்து இரண்டு பேரும் விசாரித்தார்கள்.

"நான் என்ன சொன்னனான் மாஸ்டர்?" என்றார் மிஸ். "மூளையில இருந்து 'விடு' எண்டு போற சேதி இன்னும் கைக்கு ஒழுங்காப் போய்ச் சேரல்ல. பிடிச்சுப் பிடிச்சுப் பழகினா பிடிதான் கூடும். பதறினா இன்னும் இறுகும்."

நான் வாதாடப் போனேன். நஸீமா விடவில்லை.

"எனக்குக் கார் பழக்கக்குள்ள என்ன சொன்னீங்க? 'கிளட்ச அமத்த எந்தக் கழுதைக்கும் ஏலும், பையப் பைய விடத்தான் ஏலா' எண்டு அந்தத் தெருவே கேக்க ஏசினீங்க. இப்ப யாரு கழுதை?"

மிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது தெரிந்தது.

அன்றிலிருந்து ஒரே வேலை, விடுவது. மேசையில் உள்ளங்கையை விரித்து வைத்து அதன்மேல் உடம்பைச் சாய்க்க வேண்டும். பிறகு, மருதமுனையிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த வெற்று நூல் கட்டைகளை எடுத்து ஒரு வாளிக்குள் போட வேண்டும். எடுப்பேன். வாளிக்கு மேலே கொண்டுபோவேன். போட முடியாது. குழந்தைகூடச் செய்யும் காரியம். கட்டையை விடு, விடு என்று நான் எனக்குள் கத்த, கை இன்னும் இறுக்கியது. வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்று வாளிக்குள் சொட்டியது. கட்டை மட்டும் விழவில்லை.

வாய்க்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. அது எனக்கே புதினமாக இருந்தது.

"மிஸ், நிக்காஹுக்கு முதல் வருமா?"

"தெரியாது மாஸ்டர்," என்றார் அவர். "ஆறுதலுக்கு ஓம் எண்டு சொல்ல மாட்டன். செஞ்சு பாப்பம்."

யாராவது பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கே நான் பயிற்சியை விட்டிருப்பேன். அவர் சொல்லாததால் தொடர்ந்தேன். போகப் போக, அவசரமில்லாமல் இருந்தால், யாரும் பார்க்காமல் இருந்தால், கட்டை விழத் தொடங்கியது. உள்ளங்கை பாதி திறந்தது. நிக்காஹ் என்பது அவசரமில்லாமல், யாரும் பார்க்காமல் நடக்கும் காரியம் அல்ல என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை.

பந்தலுக்குள்

நிக்காஹ் எங்கள் வீட்டில். முற்றத்தில் பந்தல், உள்ளே பெண்கள், இடையில் ஒரு திரை. பிரியாணிச் சட்டிகளின் வாசம் சபை முழுவதையும் பொறுமை இழக்கச் செய்துகொண்டிருந்தது. ஆதம்லெவ்வை காக்கா வெள்ளைச் சட்டையோடு எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், டயர் வெடித்தால் மாட்டுவதற்கு வைத்த டயரைப் போல. அவர் அத்தர் பூசியிருந்ததையும் கவனித்தேன்.

மௌலவி என் காதருகே குனிந்தார். "ஏலாட்டி இப்பயும் சொல்லுங்க மாஸ்டர்."

"ஏலும்."

சப்ரான் எதிரே வந்து உட்கார்ந்தார். அவருடைய கை சில்லென்று நனைந்திருந்தது, அவருக்கும் பயம். நான் என் கையைக் கொடுத்தேன். விரல்கள் மூடின. மௌலவி சொல்லித் தந்தார். நான் சொன்னேன். ஒவ்வொரு சொல்லாக, நடுவில் ஓர் இடத்தில் நின்று, மூச்செடுத்து, மீண்டும் தொடங்கிச் சொன்னேன். காக்கா பின்னாலிருந்து முணுமுணுத்து எடுத்துக்கொடுக்கப் பார்த்தார். நான் அவரை முந்திக்கொண்டேன். "நிக்காஹ் செய்து தந்தேன்" என்ற இடம் வந்தபோது திரைக்குப் பின்னால் வளையல் சத்தம்கூட இல்லை.

"ஏற்றுக்கொண்டேன்," என்றார் சப்ரான்.

முடிந்தது. மௌலவி துஆவுக்குக் கையேந்தினார். சபை முழுவதும் இரண்டு கைகளையும் ஏந்தியது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒவ்வொரு கையை ஏந்தினோம். மற்றக் கைகள் நடுவில் சேர்ந்தே இருந்தன.

துஆ முடிந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியளா, மகள விட மனமில்ல" என்றார். உச்சுக் கொட்டும் சத்தம் பந்தல் முழுக்கப் பரவியது. நான் எந்த மகளை விடுவது? எங்கள் பக்கத்தில் பெண் எங்கும் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஹஸ்னா அடுத்த அறையில்தான் இருந்தாள். இனியும் அங்கேதான் இருக்கப்போகிறாள்.

"மாமா," என்றார் சப்ரான் மெல்ல. "விடுங்க."

"மகன், நான் விட்டுட்டன். கைதான் விடுதில்ல."

அவருடைய மாமா ஒருவர் வந்து என் விரலைப் பிடித்து இழுத்தார். அது இன்னும் இறுகியது. காக்கா எழுந்து, "தள்ளுங்க, எனக்கு அனுபவம் இரிக்கி" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. கை மேலும் இறுகியது. சப்ரானின் விரல்கள் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். அவர் முகத்தைச் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து, ஆண்கள் சபையில் எங்கள் ஊர்ப் பெண்கள் குரல் உயர்த்தாத அந்த இடத்தில், நஸீமாவின் குரல் வந்தது.

"ஒருத்தரும் இழுக்காதீங்க! மகன், வெரலத் தொடாதீங்க. அவர்ட மணிக்கட்டப் பிடிச்சு உள்ளுக்கு மடக்குங்க. பைய!"

நீட்டிய கையைக் காக்கா இழுத்துக்கொண்டார். அந்த விசாரணைக்குப் பிறகு பிசியோ அறையில் ஒவ்வொரு நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நஸீமா. மணிக்கட்டு உள்ளே மடங்கினால் விரல் நரம்புகள் இளகும்.

சப்ரான் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவசரப்படவில்லை. மெஷினில் சிக்கிய பட்டியை எடுக்கிறவரைப் போல, கொஞ்சம் கொஞ்சமாக மடக்கினார். சுண்டுவிரல் இளகியது. பிறகு மற்றவை. அவருடைய புறங்கையில் என் நகங்கள் நாலும் பதிந்திருந்தன. அவர் அதை மறுகையால் மறைத்துக்கொண்டார்.

திரை விலகி ஹஸ்னா எட்டிப் பார்த்தாள். அழுதிருந்தாள், சிரித்தும் இருந்தாள், எது முதலில் என்று கேட்க நேரமிருக்கவில்லை. பிரியாணி வந்துவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். நிக்காஹ் நிறைவேறியது. சொல்லை நான் சொன்னேன், கையை நான் பிடித்தேன், திறந்தது மருமகன். அவர் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். ஆலைக்குப் போகுமுன் என் உள்ளங்கையை மேசையில் விரித்து வைத்துவிட்டுப் போகிறார். அது இன்னும் பாதிதான் திறக்கிறது.